கைநாட்டும் வக்காலத்தும்

(கொல்லிமலை செம்மேட்டில் இளம் வழக்கறிஞர் தோழர்களுக்காக நடந்த வகுப்பில், கட்சியின் முழு நேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உங்களில் பலருடைய முகம் எப்படி இருந்தது என்பதை நாங்கள் பார்த்தோம். சிலர் இன்னும் எலுமிச்சம்பழத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பரிகாசம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வளைவுகளை நீங்கள் மறந்துவிடலாகாது. சேலத்தில் ஒரு வாய்தா என்றால், இந்த மலையிலிருந்து ஒரு விதவைப் பெண் கைக்குழந்தையோடு இதே வளைவுகளில் இறங்கி, நாமக்கல் போய், பஸ் மாறி, பதினொரு மணிக்குக் கச்சேரியில் நிற்கவேண்டும். "இன்று இல்லை, அடுத்த மாதம்" என்ற ஒரே ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் மறுபடி ஏறவேண்டும். அவளுடைய ஒரு நாள் கூலியும் போயிற்று, பஸ் கட்டணமும் போயிற்று.

வக்கீல்களுக்கு வகுப்பு எடுக்க எங்களை ஏன் அழைத்தீர்கள் என்று யோசித்தோம். நாங்கள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதித்ததில்லை. ஆனால் வக்கீலின் அறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து காத்திருக்கிற மனிதர்களோடு இருபது வருடங்களாக நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் வக்கீல் தொழில் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டென்று நினைக்கிறோம்.

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வக்கீலிடம் வருகிறவருக்குக் 'கட்சிக்காரர்' என்று பெயர். எங்களுக்கும் 'கட்சிக்காரர்' என்றுதான் பெயர். மலை ஜனங்கள் பல சமயம் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கட்சிக்காரர் சொன்னால் வக்கீல் செய்வார், வக்கீல் சொன்னால் கட்சிக்காரர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைதான் இன்று நாம் பேசப் போகும் விஷயம். இதை வக்கீல்களும் துஷ்பிரயோகம் செய்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு முறை செய்தோம். அதை மறைக்கப் போவதில்லை, பின்னால் வருகிறோம்.

முதலில் ஒரு சம்பவம். பெயர்களையும் ஊரையும் விட்டுவிடுகிறோம்.

இந்த மலையின் பதினான்கு நாடுகளிலும் மிளகு, காப்பி, பலா, மரவள்ளி எல்லாம் விளைகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். விளைந்து என்ன? கொஞ்சம் நிலம் வைத்திருப்பவனுக்கு வருடத்தில் பாதி நாளைக்குத்தான் வேலை. எனவே வாலிபர்கள் இறங்குகிறார்கள். சிலர் காப்பித் தோட்டங்களுக்கு, சிலர் கோழிப் பண்ணைகளுக்கு, சிலர் ரிக் வண்டிக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை; ஆயிரம் அடிக்குத் துளை போட்டு ஊர் ஊராய்த் தண்ணீர் காட்டுகிற அந்த வண்டியில் ராடு மாட்டுகிறவனும் கழற்றுகிறவனும் பெரும்பாலும் இப்படி மலையிலிருந்தோ, வறண்ட காட்டிலிருந்தோ முன்பணம் வாங்கிக்கொண்டு போனவன்தான்.

2022ஆம் வருடம். இருபத்தைந்து வயது வாலிபன். நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ரிக்கில் ஏறினான். சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் இரவு வேலை. வண்டியின் மாஸ்ட்டைத் தூக்கும்போது மேலே போன உயர்மின் கம்பியில் பட்டது. ராடைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் சடலம் மலைக்கு வந்தது. கூடவே முதலாளியின் ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். எரித்துவிட்டு வருவதற்குள் திண்ணையில் ஒரு முத்திரைத்தாள் தயாராக இருந்தது. 'ரூ.50,000 பெற்றுக்கொண்டோம், இனி எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. மாமனார் கைநாட்டு வைத்தார், அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரித்துப் பார்த்தால் பத்தாயிரம்தான் இருந்தது. பாக்கி என்னவாயிற்று என்றால், செத்தவன் வாங்கிய முன்பணத்தைக் கழித்துக்கொண்டார்களாம்!

தோழர்களே, இத்தனையும் முதலாளி வர்க்கத்தின் வழக்கமான காரியம். இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. எட்டாம் நாள் நடந்ததுதான் உங்களைப் பற்றியது. எட்டாம் நாள் ஒரு கார் வந்தது. காரிலிருந்து ஒரு வக்கீல் இறங்கினார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. தாமாக வந்தார். 'முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், கேஸ் பலவீனம். இருந்தாலும் நான் பேசி இரண்டு லட்சம் வாங்கித் தருகிறேன். மூன்றில் ஒரு பங்கு எனக்கு' என்றார். வக்காலத்தில் ஒரு கையெழுத்து, வெள்ளைத்தாள்களில் ஏழெட்டுக் கையெழுத்து. பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆதார் அட்டை எல்லாம் அவர் பைக்குள் போயின. பிறகு பதினொரு மாதம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ரிக் முதலாளிக்குப் பல காரியங்களில் ஆலோசனை சொல்லிவந்தவரே அவர்தான் என்பது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

அந்தப் பெண் சோளக்காட்டுச் சந்தையில் எங்களைப் பார்த்துச் சொன்னபோது, இரண்டு வருடக் கெடுவில் ஏறக்குறைய பாதி கழிந்துவிட்டது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1923ஆம் வருடத்திய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. 2025 நவம்பர் 21 முதல் அது 2020ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாவது அத்தியாயமாகிவிட்டது. இனி நீங்கள் புதிய பிரிவு எண்களைப் படித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சொல்லும் எண்கள் இந்தச் சம்பவம் நடந்தபோது இருந்த பழைய சட்டத்தின் எண்கள்.

எட்டாவது பிரிவு என்ன சொல்லிற்று? வேலையில் இறந்தவனுக்கான நஷ்டஈட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்டவேண்டும். நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது நஷ்டஈடாகவே கருதப்படாது. குடும்பத்துக்கு முன்னதாகக் கொடுத்ததில் மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத தொகையை மட்டும் கழிக்கலாம். பதினேழாவது பிரிவு: உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆக, அந்த முத்திரைத்தாள் அடுப்பு மூட்டத்தான் ஆகும். 'கேஸ் பலவீனம்' என்று சொன்ன வக்கீலுக்கு இது தெரியாதா? தெரியாமல் சொன்னாரென்றால் அவர் படிக்கவில்லை; தெரிந்தே சொன்னாரென்றால் அதற்கு வேறு பெயர்.

விபத்து சத்தீஸ்கரில் நடந்தது, அங்கே போய் எப்படி வழக்காடுவது என்று அந்தக் குடும்பம் பயந்தது. 1995இல் திருத்தப்பட்ட இருபத்தோராவது பிரிவின்படி, வாரிசுகள் தாங்கள் குடியிருக்கிற இடத்து ஆணையரிடமே மனுச் செய்யலாம். ராய்ப்பூருக்குப் போக வேண்டியதில்லை, சேலமே போதும். வெளிமாநிலத்தில் செத்த எத்தனை மலை வாலிபர்களின் குடும்பங்கள் இந்த ஒரு பிரிவு தெரியாமலேயே சும்மா இருந்துவிட்டன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். கணக்கு எங்களுக்குப் பிடித்த பாடம். 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் இந்தச் சட்டத்துக்கான மாதக் கூலியின் உச்சவரம்பை ரூ.15,000 என்று நிர்ணயித்தது. சாவுக்கு அதில் பாதி, அதாவது ரூ.7,500. இருபத்தைந்து வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 216.91. பெருக்குங்கள். ரூ.16,26,825. காலத்தில் கட்டாவிட்டால் அதற்கு மேல் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. தக்க காரணமில்லாமல் இழுத்தடித்திருந்தால் பாதி வரை அபராதமும் உண்டு.

பதினாறு லட்சத்து இருபத்தாறாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து ரூபாய். முதலாளி கொடுத்தது பத்தாயிரம். வக்கீல் வாங்கித் தருவதாகச் சொன்னது இரண்டு லட்சம், அதிலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு!

இதிலே இன்னொரு விஷயம் இருக்கிறது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. பணம் முதலாளியின் மடியிலிருந்து கூடப் போகவேண்டியதில்லை. பிறகு ஏன் அத்தனை அவசரம்? எட்டு பேரை ஏற்றிய வண்டியில் மூன்று தொழிலாளிகளுக்கு மட்டும் பிரீமியம் கட்டியிருந்தார். அந்த நாலு காசு மிச்சம் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் முத்திரைத்தாள் வந்தது.

இனி வக்கீலின் பங்கு. தொழிலாளியின் நஷ்டஈட்டில் பங்கு கேட்பது 'கொஞ்சம் அதிகப்படி' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தொழில் குற்றம். அட்வகேட்ஸ் சட்டம் 1961இன் கீழ் இந்திய பார் கவுன்சில் செய்த விதிகளில் இருபதாவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கிற தொகையில் பங்குக்கு ஒப்பந்தம் செய்யக் கூடாது என்கிறது. இது புதிதாக முளைத்த விதியல்ல. 1954லேயே உச்ச நீதிமன்றம், வசூலில் பாதி தனக்கு என்று எழுதி வாங்கிய ஒரு வக்கீலின் காரியத்தைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தீர்த்தது. 2017 டிசம்பரில் தெலுங்கானாவிலிருந்து வந்த வழக்கு இன்னும் பொருத்தமானது. மோட்டார் விபத்தில் கணவனை இழந்த பெண். ஏற்கெனவே பத்து லட்சம் கட்டணம் கொடுத்தாயிற்று. மேலும் மூன்று லட்சத்துக்குக் காசோலை எழுதி வாங்கி, அது திரும்பியதும் அந்தப் பெண் மீதே கிரிமினல் வழக்குப் போட்டார் வக்கீல். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கிடைக்கிற தொகையில் சதவிகிதம் கேட்பது பொதுநலனுக்கு விரோதம் என்றும் சொல்லிற்று.

சில நாடுகளில் இப்படிப் பங்குக்கு வாதாடுவது அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் காயம்பட்டவர்களின் வழக்குகளில் அதுதான் வழக்கம். 'பணமில்லாத ஏழை வேறு எப்படி வக்கீல் வைப்பான்?' என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். நல்ல கேள்விதான். இங்கே அதற்குப் பதில் உண்டு. 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பன்னிரண்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பழங்குடியினர், பெண்கள், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள், தொழில் தாவாச் சட்டப்படியான தொழிலாளர்கள், இத்தனை பேருக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு கூடக் கிடையாது. இந்த மலையாளிச் சமூகத்துப் பெண் ஒருத்தி ஒரு வாசலில் இல்லாவிட்டால் இன்னொரு வாசலில் நுழையலாம். ஆனால் அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் 'பஸ் செலவுக்கு மட்டும்' என்று ஐந்நூறு கேட்டால் அந்த வாசலும் சாத்தியதாக ஆகிவிடும். அவர் கட்சிக்காரரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது.

சம்பவத்துக்குத் திரும்புவோம். காகிதங்களைத் திருப்பிக் கேட்கப் போனோம். 'என் பீஸ் பத்தாயிரத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்' என்றார். முதலாளி கொடுத்ததும் சரியாகப் பத்தாயிரம்! வக்கீல் தம் கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க முடியாது என்று 2000ஆம் வருடம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தட்டான் நகையைப் பிடித்துவைப்பது போலக் கட்டை பிடித்துவைக்க இடமில்லை. கட்டணம் பாக்கியிருந்தால் தனியே வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அதைச் சொன்னோம். அவர் சிரித்தார். எனவே சத்தீஸ்கருக்கு ஆள் அனுப்பி, போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் புதிதாக நகல் எடுத்தோம். மூன்று மாதமும், ஊர் ஜனங்கள் கூடைகூடையாகப் பலாப்பழம் விற்றுச் சேர்த்த பணமும் அதற்குச் செலவாயின. கெடு முடிய இன்னும் சில மாதமே இருக்கையில் மனு தாக்கலாயிற்று. உங்களைப் போன்ற ஓர் இளம் தோழர்தான் ஆஜரானார். தமக்கு என்ன கட்டணம் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, ரசீதும் கொடுத்தார்.

கூலிக்கு அத்தாட்சி எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. ரிக்கில் சம்பளப் பதிவேடா இருக்கிறது? பையனின் கைபேசியில் மேனேஜர் அனுப்பிய பணத்தின் விவரங்கள் இருந்தன. எத்தனை அடி போட்டோம் என்று அவன் தினமும் அனுப்பிய செய்திகள் இருந்தன. வண்டியின் மேல் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தது. அந்தக் கைபேசியை அந்தப் பெண் கணவனின் நினைவாக மட்டுமே வைத்திருந்தாள். அது சாட்சியம் என்று எந்த வக்கீலும் அவளுக்குச் சொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் கைபேசியைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள் என்று இப்போது எல்லாத் தோழர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

முழுத் தொகையும் தீர்ப்பாயிற்று. முதலாளித் தரப்பு அப்பீல் போகப்போவதாகப் பயமுறுத்திற்று. தீர்ப்பான தொகையை முன்னதாக ஆணையரிடம் கட்டாமல் அப்பீல் செய்ய முடியாது என்ற முப்பதாவது பிரிவைத் தோழர் எடுத்துக்காட்டியதும் சத்தம் அடங்கிற்று. குழந்தையின் பங்கு அதன் பெயரில் வங்கியில் இருக்கிறது.

அந்த முதல் வக்கீல் மீது முப்பத்தைந்தாவது பிரிவின்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதித் தயாராக வைத்தோம். பங்கு பேசியது, தாமாகத் தேடி வந்தது, முதலாளிக்கு ஆலோசனை சொன்னவரே எதிர்த்தரப்பிலும் வக்காலத்து வாங்கியது, மூன்றும் மூன்று விதிகளுக்கு விரோதம். அந்தப் பெண் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். 'வேண்டாம் அண்ணா, மாமா மரவள்ளி போடுற மண்டி அவங்க சொந்தக்காரங்களோடது' என்றாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று சில தோழர்கள் இன்றும் சொல்கிறார்கள். எங்களுக்கும் இதில் மனச் சமாதானம் இல்லை. ஆனால் கையெழுத்து அவளுடையது. அதை வாங்கப் பலவந்தம் செய்தால் முத்திரைத்தாளோடு திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

2014இல் இந்த மலையைச் சேர்ந்த லாரி கிளீனர் ஒருவர், முப்பது வயது, வேலையில் இறந்தார். நாங்கள் இருபது பேர் கொடியோடு போய் முதலாளியின் வாசலில் உட்கார்ந்தோம். இரவு பத்து மணிக்கு அவர் இறங்கிவந்து இரண்டு லட்சம் தர ஒப்புக்கொண்டார். வெற்றி என்று கோஷமிட்டோம். அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டு, 'இதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்' என்றோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 2017இல் ஒரு வகுப்பில் இந்த அட்டவணையை முதன்முதலாகப் பார்த்தபோது எங்களுக்குத் தலை சுற்றிற்று. அன்றைய உச்சவரம்பு ரூ.8,000. பாதி 4,000. முப்பது வயதுக்கு எண் 207.98. ஆக ரூ.8,31,920. ஆறு லட்சத்துக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம், அதுவும் எங்கள் கொடியின் கீழே! நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. தேடிப் போனோம். அந்த அம்மாள் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போயிருந்தார். எங்கே என்று அண்டை வீட்டாருக்கும் தெரியவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

கட்சிக்காரரின் தெளிவான அனுமதியில்லாமல் வக்கீல் அவர் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுமதி என்றால் என்ன? சட்டப்படி எவ்வளவு கிடைக்கும், இப்போது எவ்வளவு பேசப்படுகிறது என்ற இரண்டு தொகையையும் அவருக்குத் தெரிகிற பாஷையில் சொல்லி, வீட்டுக்குப் போய் யோசிக்க நேரம் கொடுத்து, பிறகு அவர் சொல்வதுதான் அனுமதி. எங்கள் முகத்தைப் பார்த்துப் போட்ட கையெழுத்து அனுமதியல்ல. இப்போது எந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனாலும் முதலில் இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

முன்பணம் விஷயத்தில் ஒன்று. செத்தவனின் முன்பணத்தைக் கழித்துக்கொண்டார்கள் என்றோமல்லவா? 1976ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை நீங்கள் ரிக்குக்கும், விசைத்தறிக்கும், செங்கல் சூளைக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு வந்தது. கட்டாய உழைப்பு நிரூபணமானால் முன்பணத்துக்காகத்தான் அவன் கட்டுண்டான் என்று அனுமானிக்க வேண்டும், அப்படியில்லை என்று முதலாளிதான் நிரூபிக்கவேண்டும் என்று 1983இல் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் சொல்லப்பட்டது. கொத்தடிமை என்று ஆனபின் அந்தக் கடனே ஒழிந்துபோகிறது. இப்படியிருக்க, முன்பணம் வாங்கி ஓடிவந்தவன் மீது 'மோசடி' என்று போலீஸில் மனு எழுதிக் கொடுக்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள். உங்களிடம் அப்படி ஒரு முதலாளி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யாருடைய வழக்கையும் ஏற்க வேண்டும் என்று பதினோராவது விதி சொல்கிறது. முதலாளிக்கும் வக்கீல் வேண்டும்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பொய்யை எழுதிக் கொடுக்க எந்த விதியும் கட்டளையிடவில்லை.

வேலைநீக்க வழக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1947ஆம் வருடத் தொழில் தாவாச் சட்டம் சமரசப் பேச்சில் வக்கீலை நுழையவிடவில்லை. தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் நுழையலாம் என்றது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் காரணம் நியாயமானது. பணப்பை பெரிதாக உள்ளவன் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து இறக்குவான், தொழிலாளி திணறுவான் என்ற பயம். முதலாளிகள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வக்கீலையே தங்கள் சங்கத்தின் நிர்வாகி என்று ஆக்கிக் கூட்டிவந்தார்கள். 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் அதற்கு உச்ச நீதிமன்றத்தின் இசைவும் கிடைத்துவிட்டது. 2020ஆம் வருடத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் சமரசப் பேச்சில் வக்கீலுக்குத் தடை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலைநீக்கத்துக்குப் பழைய சட்டத்தில் மூன்று வருடக் கெடு இருந்தது; புதிய தொகுப்பில் இரண்டு வருடம்தான். ஓசைப்படாமல் ஒரு வருடத்தைப் பறித்துவிட்டார்கள். 'அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம்' என்று இனி எந்தத் தொழிலாளியிடமும் சொல்லாதீர்கள்.

கோர்ட் புறக்கணிப்பைப் பற்றியும் பேசவேண்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலைநிறுத்தம் எங்களுக்கு உயிர். ஆனால் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் கூலியை இழப்பது அவன், நஷ்டப்படுவது முதலாளி. வக்கீல் புறக்கணித்தால் நஷ்டப்படுவது யார்? எழுபது வளைவு இறங்கிவந்த அந்தப் பெண். 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றபோது நாங்கள் மகிழ்ச்சியடையவில்லை. எந்தப் பகுதியினருடைய போராட்ட உரிமையையும் நீதிமன்றம் பறிப்பதை நாங்கள் வரவேற்பதில்லை. ஆனால் உள்ளூர்ச் சண்டைக்கெல்லாம் மாதத்தில் நாலு நாள் கோர்ட்டை விட்டு வெளியேறுவதைப் போராட்டம் என்றும் நாங்கள் சொல்லத் தயாரில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், மலையிலிருந்து வருகிறவருக்கு முதல் நாள் மாலையே ஒரு போன் செய்து 'வரவேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். இதைக்கூடச் செய்யாதவர்கள் அதிகம்.

நீங்களும் சாப்பிடவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். சீனியரின் அறையில் இரவு ஒன்பது மணி வரை கட்டுத் தூக்கிவிட்டு, மாதக் கடைசியில் வெறுங்கையோடு போகிற ஜூனியர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000, மற்ற ஊர்களில் ரூ.15,000 குறையாமல் கொடுக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. உத்தரவு போட்டாயிற்று, எத்தனை அறைகளில் கொடுக்கிறார்கள்? தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்காக வாதாடுகிற சீனியர் தம் ஜூனியருக்கு அதைக் கொடுக்காவிட்டால், அந்த ஜூனியர் நாளைக்கு எட்டாம் நாள் காரில் மலையேறுகிறவராக மாறுவதில் ஆச்சரியமென்ன? இதைக் கேட்க உங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும். மெதுவாகக் கேட்டால் கிடைக்காது.

பழைய வக்கீல்களைப் பற்றிக் கொஞ்சம். வி.ஜி.ராவ் சென்னையில் வக்கீல்; 1950இல் மக்கள் கல்விச் சங்கத்தை மாகாண சர்க்கார் தடை செய்தபோது தாமே வழக்காடி, 1952 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடைச் சட்டப் பிரிவையே செல்லாததாக்கினார். வி.ஆர்.கிருஷ்ணய்யர் மலபாரில் வக்கீலாக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் சிறையில் வைக்கப்பட்டார். அவரே பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து, 1978இல், வயதான ஒரு தம்பதியின் வழக்கைத் தாக்கல் செய்யாமலே ஏமாற்றிய சென்னை வக்கீல் ஒருவருக்கு, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும்படி உத்தரவிட்டார். அவர் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அந்த உத்தரவில் ஒரு மனக்குறை. ஏழைக்கு வக்கீல் என்பது, தப்புச் செய்த வக்கீலுக்குத் தண்டனையாகவா கிடைக்கவேண்டும்?

வாச்சாத்தி உங்களுக்குத் தெரியும். சித்தேரி மலையடிவாரம், இங்கிருப்பவர்களைப் போன்ற மலையாளி ஜனங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்தன. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29இல் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு வருடம். பதினெட்டுப் பெண்கள் அத்தனை காலமும் சாட்சி சொல்ல வந்து நின்றார்கள். நடுவில் எத்தனையோ பேர் வந்து ராஜி பேசிப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்காக நின்ற வக்கீல்கள் ஒரு வாய்தாவில் தளர்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

நேரமாகிறது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரவு தங்குகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாய் போட்டிருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்குச் சோளக்காட்டுக்கு வாருங்கள். இரண்டு குடும்பங்கள் காகிதங்களோடு வருவார்கள். ஒன்று கோழிப் பண்ணையில் கை போனவர். விபத்து நடந்து இருபது மாதம் ஆகிவிட்டது. இன்னொன்று, பையன் வெளிமாநிலத்தில் ரிக்கில் இருக்கிறான், ஆறு வாரமாகப் போன் இல்லை. வரும்போது ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். வக்காலத்துத் தாள் இப்போது வேண்டாம். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.